அண்ணனுக்கு ஐஸ் தொட்டி பார்த்துக் கொடுத்த கதை

1

பின்லாந்தில் தம்பரே என்று ஓர் ஊர். அங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால் திருப்பூரில் பாதிப் பேர், "தாம்பரமுங்களா? மெட்ராஸ்கிட்டதானுங்களே" என்பார்கள். மீதிப் பேர், "ஏனுங்க, அங்கெல்லாம் ரொம்பக் குளுருமாமா?" என்பார்கள். குளிரும். குளிராமல் என்ன செய்யும்? ஏரி கல்லாக உறைந்து, அதன் மேல் கார் ஓட்டிக்கொண்டு போகிற ஊர் அது.

இந்த வருசம் சித்திரை வெயிலில் நான் லீவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் தங்கவேல் போன் பண்ணினான். பனியன் கம்பெனி முதலாளி. உள்ளாடை தைத்து டென்மார்க்குக்கு அனுப்புகிறவன். எப்போது பேசினாலும் ஷிப்மென்ட், பையர், கன்டெய்னர் என்று ஆரம்பிப்பவன், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ரகசியம் போலச் சொன்னான்.

"அம்மிணி, ஊட்டுக்கு ஒரு ஐஸ் டப் வாங்கோணும். கோல்டு பிளஞ்சுங்கறாங்கல்ல, அது. நீ குளுருக்குள்ளயே இருக்கறவ. எது நல்லாருக்கும்னு நீதான் செலக்ட் பண்ணித் தரோணும்."

குளிர் நாட்டில் இருப்பதால் எனக்கு ஐஸ் தண்ணியில் குளிக்கத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். திருப்பூரில் பிறந்ததால் ஓவர்லாக் மெஷினைப் பிரித்து மாட்டத் தெரியும் என்று நினைப்பது மாதிரிதான் இது. உண்மையைச் சொன்னால், அந்த ஊருக்குப் போனதிலிருந்து வெந்நீர் இல்லாமல் நான் கைகூடக் கழுவியதில்லை. ஜூன் மாதத்திலும் உள்ளே ஒரு தெர்மல் பனியன் போட்டிருப்பேன். அதுவும் அண்ணன் கம்பெனி தெர்மல்தான், அளவு கொஞ்சம் தப்பிப் போன ரிஜெக்ட் பீஸ்.

பின்லாந்துக்காரர்கள் குளிப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஏரி ஐஸை அறுத்து ஓர் ஓட்டை போட்டு, ஒரு மர ஏணியை இறக்கிவிடுவார்கள். கிழவிகள் கம்பளித் தொப்பியோடு இறங்குவார்கள், ஏறுவார்கள், வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசுகிறவர்கள் நம்மாட்கள்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருத்தர் இருக்கிறார். முழங்கால் வரை தண்ணியில் நின்றுகொண்டு, மனைவியை ஐஸ் மேல் மண்டி போட வைத்து வீடியோ எடுத்து, "மனசு இருந்தா உடம்பு ஒரு தூசு" என்று போட்டார். அந்தத் தூசு அதற்கப்புறம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தது. அதற்கு மட்டும் வீடியோ வரவில்லை.

2

நான் பார்க்கும் வேலை முதியோர் இல்லத்தில். நர்ஸ். காலையில் போனவுடன் யாருக்கு மருந்து, யாருக்குக் குளியல் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். செய்ததை அப்படியே பின்னிஷ் மொழியில் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு கிழவர் தும்மினால்கூட அதை இரண்டு இடத்தில் பதிவு செய்யாமல் யாருக்கும் தூக்கம் வராது. என் வீட்டுப் பால்கனியில் துணிக்கொடி கட்டுவதற்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு கூட்டம், கூட்டத்தின் முடிவு என்னவென்றால் கொடி கட்டக்கூடாது. இதுதான் நாகரிகம் என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அவர்கள் மொழியில் குளியலுக்கு ஒரு சொல், குளிருக்கு ஒரு சொல். நம் வாயில் இரண்டும் கில்பு, கில்மா என்றுதான் வரும். சிரிக்காதீர்கள். சேர்ந்த புதிதில், ஒரு பாட்டியம்மாவுக்குக் குளியல் முடிந்தது என்று எழுதுவதற்குப் பதிலாக, பாட்டியம்மா சில்லிட்டுவிட்டார் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஷிப்ட் நர்ஸ் நாடி பார்க்க ஓடியிருக்கிறாள். பாட்டியம்மா உட்கார்ந்து சீஸ் தின்றுகொண்டிருந்தாராம்.

இந்த ராசி என் பையனுக்கும் வந்திருக்கிறது. நித்தினுக்குத் தமிழ் புரியும், பேசினால் தறி கெட்டு ஓடும். பள்ளிக்கூடம் இருக்கிறது, ஹாக்கி இருக்கிறது, இன்னும் என்னென்னவோ இருக்கிறது என்று அவன் இந்தத் தடவை ஊருக்கு வரவில்லை. நான் திருப்பூர் வந்து இறங்கிய அன்று, அப்பாவுக்குக் குளிக்க வெந்நீர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டான். அம்மாவின் அப்பா அவனுக்கு அப்புச்சி. அன்பாக விசாரிக்கிறானாம்.

"அம்மா, அப்புச்சி குளிர்ந்துட்டாரா?"

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் கட்டிலில் இருந்தபடியே, "இன்னும் இல்லீங் கண்ணு. ஆனா உங்க மாமன் ஏற்பாடு பண்ணிட்டு இருக்கறான்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

3

திருப்பூரில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருசம் எல்லோரும் விலையுயர்ந்த சைக்கிள் வாங்கி, மங்கலம் ரோட்டில் விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே தொப்பையைத் தூக்கிக்கொண்டு மிதித்தார்கள். அடுத்த வருசம் மாரத்தான். அப்புறம் சோற்றை விட்டுவிட்டு மூன்று வேளையும் முட்டை. இப்போது ஐஸ். நாற்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊரில், தண்ணியைக் கரண்ட் போட்டு உறைய வைத்து, அதில் போய் உட்கார்ந்து, நடுங்குவதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சி கொடுக்க கோயம்புத்தூரிலிருந்து ரோஷன் என்று ஒரு கோச் வேறு. கறுப்பு டீ சர்ட், கறுப்புப் பேன்ட், கறுப்புக் கண்ணாடி. தண்ணி குடிப்பதைக்கூட "ஹைட்ரேஷன்" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பான்.

"இம்யூனிட்டி, ஃபோகஸ், லாஞ்சிவிட்டி எல்லாமே இம்ப்ரூவ் ஆகும் மேம். உங்க கன்ட்ரில இதுதானே லைஃப்ஸ்டைல்?" என்றான் என்னிடம்.

"எங்க ஊர்ல வெந்நீர்ப் பையைக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்கறதுதான் லைஃப்ஸ்டைல்" என்றேன். அண்ணன் முறைத்தான்.

உண்மையான காரணம் இம்யூனிட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டென்மார்க்கில் சரக்கு வாங்குகிற பையர் இந்த மாதம் வருகிறான், அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். போன தடவை பேச்சுவாக்கில், தினமும் காலையில் ஐஸ் தண்ணியில் முழுகித்தான் வேலைக்குப் போவேன் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தொட்டியில் நடுங்கினால் ஆர்டர் வரும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான்.

தொட்டியை எங்கே வைப்பது? மொட்டை மாடியில் வெயில், கூலிங் நிற்காது. மேல்மாடி ஹாலில் வைத்தால் தண்ணி பாரம் தாங்காது என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். கீழே, பாத்ரூமை ஒட்டி, தண்ணி போக வழியோடு இருக்கிற ஒரே அறை அப்பாவுடையது.

"அப்பாவை எங்கீங்ணா படுக்க வெப்பீங்க?" என்று கேட்டேன்.

"மூலனூர்ப் பக்கம் புதுசா ஒரு ஹோம் கட்டியிருக்கறாங்க, அம்மிணி. ஏசி, டாக்டர், வாக்கிங் போறதுக்குத் தனி ரோடு. நீ வேலை பாக்கற எடம் மாதிரியே. நீதானே சொல்லுவே, அங்கெல்லாம் பெரியவங்களை ராசாவாட்டம் வெச்சிருக்கறாங்கன்னு? பையர் வந்துட்டுப் போற வரைக்கும்தான். பொறகு பாத்துக்கலாம்."

இந்த 'பொறகு பாத்துக்கலாம்' எனக்குப் புரியும். ஆடிட் வருகிறது என்றால் கம்பெனியில் என்ன செய்வார்கள்? பழைய மெஷின், கிழிந்த மூட்டை, கணக்கில் வராத துணி எல்லாவற்றையும் பின்னால் குடோனுக்குத் தாட்டிவிட்டு, சுவரில் தீயணைப்புக் கருவி மாட்டி, பூந்தொட்டி வைப்பார்கள். ஆடிட்காரன் போனபிறகு பூந்தொட்டி வாடிவிடும். குடோனுக்குப் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இப்போது அப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான். நான் வேலை செய்கிற இடத்தில் சன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்தவர்கள்தான்.

அப்பா ஒன்றும் சாதுவான மனுசர் இல்லை. டிவியில் அரசியல் விவாதத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். காறிக் காறித் துப்புவார். அண்ணி படும் பாடு எனக்குத் தெரியும். அதற்காக ஒரு தொட்டிக்கு இடம் வேண்டும் என்று அவரை அனுப்புவதா? அண்ணனிடம் நேராகச் சண்டை போட்டால், "அப்பிடீன்னா நீயே கூட்டிட்டுப் போயேன்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவான். விசா, இன்சூரன்ஸ், அவர்கள் கேட்கிற வருமானச் சான்று என்று எனக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை வெளியில் சொல்லத்தான் வாய் வராது.

அதனால், சரி, தொட்டி செலக்ட் பண்ணித் தருகிறேன் என்றேன்.

4

ரோஷன் ஐபேடில் காட்டினான். காற்றடிக்கிற தொட்டி, மரப்பீப்பாய் மாதிரி ஒன்று, ஃபைபர் தொட்டி, நின்றுகொண்டே முழுகுகிற உருளை. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தாள்.

"நம்ம சாயப்பட்டறையில நீல டிரம் கெடக்குதுல்ல, அதுல ஐஸ் கட்டி வாங்கிப் போட்டு உக்காருங்ணா. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

"பையர் முன்னால டிரம்முல உக்காரச் சொல்றியா? நல்லா இருக்குதே."

சரியென்று டேப்பை எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் யார் கழுத்தைத் தடவினாலும் ஒரு டேப் இருக்கும். அப்பா பழைய கட்டிங் மாஸ்டர். நான் அவர் அறை வாசலை அளப்பதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன அளவு எடுக்கறே?"

"வாசல் அகலமுங்ப்பா."

"மொதல்ல பாடி லெங்த்த எடு. அது தப்பிச்சுன்னா மத்த அளவெல்லாம் இருந்தும் பிரயோசனமில்ல" என்றார். எந்த டீ சர்ட் ஆர்டர் வந்தாலும் தோளிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் உள்ள நீளத்தைத்தான் அவர் முதலில் கேட்பார். வாய்க்குப் பழகிப்போன பேச்சு.

வாசலை அளந்தேன். கூடத்திலிருந்து அவர் அறைக்குப் போகிற நடையை அளந்தேன். மாடிப்படி முட்டிக்கொண்டு நடை திரும்புகிற இடம் ஒன்று உண்டு, அதையும் இரண்டு தடவை அளந்தேன். அப்புறம் ஐபேடை வாங்கி, இருந்ததிலேயே நீளமானது எதுவோ அதைக் காட்டினேன். கால் நீட்டிப் படுத்துக்கொள்கிற மாடல். முழுக்க எவர்சில்வர், பக்கவாட்டில் கூலிங் மெஷின், மேலே கண்ணாடி மாதிரி மூடி.

"இதுதானுங்ணா. டென்மார்க்குல பெரிய ஆளுங்க எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்கறாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா ரோஷன், அங்கயே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அந்த நீளம் அந்தத் திருப்பத்தில் எந்தக் காலத்திலும் திரும்பாது. டெலிவரி ஆட்கள் முட்டி மோதிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நான் போட்ட கணக்கு.

5

முட்டி மோதினார்கள். தொட்டி திரும்பவில்லை. ஆனால் என் அண்ணன் முதலாளியாயிற்றே. "செவுத்தை இடிச்சுப் போடலாம். நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லு" என்றுவிட்டான். அப்பாவின் துணிமணிகள் பையில் ஏறின. சுவர் இடிக்கிற வரைக்கும் தொட்டி போர்டிகோவிலேயே இருக்கட்டும், ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம் என்றான் ரோஷன். வெயில் நேராக அடித்தது. நிழலுக்கு ஒரு சாமியானா போடச் சொல்லி அண்ணன் மேனேஜருக்குப் போன் பண்ணினான். சாமியானா என்று சொன்னால் பந்தல்காரர் வெறும் துணியை மட்டுமா கொண்டுவருவார்? வழக்கம்போலச் சிவப்பு பிளாஸ்டிக் சேர்களையும் இறக்கி, வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார். கொத்தனார் வருவதால் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அப்பா வந்து முதல் சேரில் உட்கார்ந்துகொண்டார்.

இனி நீங்களே கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வாசலில் சாமியானா. சிவப்புச் சேர்கள். நடுவில் நீளமாக, கண்ணாடி மூடியோடு, கொர்ர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு எவர்சில்வர் பொட்டி. வெளிநாட்டில் இருக்கிற பொண்ணும் வந்து இறங்கியிருக்கிறாள்.

கம்பெனிக்கு டீ கொடுக்கிறவர் வண்டியிலிருந்து பொட்டி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். "மொதலாளி ஊட்டுக்கு ஐஸ் பொட்டி வந்துருச்சுங்க" என்று போய்ச் சொன்னார். அவ்வளவுதான். கம்பெனியில் தையல் லைன் நின்றது. கொஞ்ச நேரத்தில் மாலையோடு ஒரு கூட்டம் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. முன்னால் செல்வமேரி. சாத்தான்குளம் பக்கத்துக்காரி, அண்ணன் கம்பெனியில் பழைய டெய்லர். பின்னால் பீகார்ப் பையன்கள் தலையில் கர்சீப் கட்டிக்கொண்டு, கை கூப்பியபடி.

வந்தவர்கள் முதல் சேரில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். செல்வமேரிக்கு வாய் குழறியது.

"ஐயா... நீங்க இங்ஙன உக்காந்திருக்கிய? அப்பம் உள்ள யாரு?"

எட்டிப் பார்த்தாள். உள்ளே என் அண்ணன். ரோஷன் சொன்னபடி கண்ணை இறுக்க மூடி, கையை நெஞ்சில் சேர்த்து, மூச்சடக்கிப் படுத்திருந்தான். கூலிங் போகாமல் இருக்கக் கழுத்து வரைக்கும் மூடி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தண்ணி போகாமல் இருக்கக் காதில் பஞ்சு.

"யய்யா... மொதலாளி! எங்களை இப்பிடி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியளே!"

அவள் மாரில் அடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. பீகார்ப் பையன்கள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். ரோஷன் போனில் டைமரைப் பார்த்துக்கொண்டு, "ப்ளீஸ், டிஸ்டர்ப் பண்ணாதீங்க, இன்னும் முடியல" என்றான். ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து அவன் காலையே பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்வமேரி மூடியைத் தள்ளி மாலையைப் போட்டுவிட்டாள். சம்பங்கி மாலை சொத்தென்று விழவும் அண்ணன் கண்ணைத் திறந்து, உடம்பு மொத்தமும் உதற, பல் கிடுகிடுக்க எழுந்து உட்கார்ந்தான்.

கூட்டம் அலறிப் பின்வாங்கியது. அப்பா மட்டும் சேரை விட்டு அசையவில்லை. கோயிலில் கெடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் தண்ணி தெளிப்போம், அது உடம்பைத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"துலுக்கிருச்சு. உத்தரவு ஆயிப்போச்சு. ஆகறதைப் பாருங்க" என்றார்.

நான் சிரித்தேன். கேவலமாக, சேரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை வருசத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

சிரிக்காத ஆள் அண்ணி ஒருத்திதான். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. புருசன் தலையில் மாலை விழுந்ததைப் பார்த்தவள்.

"மாலை விழுந்த பொட்டி இந்த ஊட்டு நெலவுப்படி தாண்டி உள்ள வரக்கூடாது. இப்பவே வண்டியில ஏத்துங்க."

"மேம், இது ஜஸ்ட் ஒரு வெல்னெஸ்..." என்று ஆரம்பித்தான் ரோஷன்.

"நீயும் சேந்து ஏறிக்கோ" என்றாள் அண்ணி.

பொட்டி போனது. போர்டிகோவைக் கழுவிவிட்டு, அண்ணனுக்குத் தலைக்கு வெந்நீர் ஊற்றி, முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கொத்தனார் வந்து, வேலை இல்லை என்று தெரிந்து, டீ குடித்துவிட்டுப் போனார். அப்பாவின் பையிலிருந்த துணிமணிகளை நானே எடுத்து பீரோவில் அடுக்கினேன். மூலனூர்ப் பேச்சை அண்ணன் அதற்கப்புறம் எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணி பார்க்கிற பார்வை அப்படி.

பையரும் வந்தான். ஐஸ் தொட்டி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டான். அண்ணனாகவே வெட்கத்தை விட்டுக் கேட்டதற்கு, "அதையா? இடுப்பு பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டேன்" என்றானாம்.

6

கிளம்புகிற அன்று அப்பா அறைக்குப் போனேன். நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன் என்று சொல்ல வேண்டும். இந்த அறை இவருக்கு மிஞ்சியது என் டேப்பால்தான் என்று உள்ளுக்குள் ஒரு கெத்து. டிவியில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தத்தைச் சுத்தமாக அணைத்தார். அதுவே அதிசயம்.

"அந்தப் பொட்டி இப்ப எங்க கெடக்குது?"

"கம்பெனி குடோன்லீங்ப்பா. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்குது. அண்ணன் வித்துப்போடலாம்னு ஆளு பாக்கறாங்க."

"விக்க வேண்டாம்னு சொல்லு."

"எதுக்குங்ப்பா? உங்களுக்கும் ஐஸ்ல குளிக்கற ஆசை வந்துருச்சா?"

அவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. துணி வெட்டுவதற்கு முன்னால் விலை பேசுகிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீ அங்கிருந்து லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, ரண்டு ஏரோப்பிளேன் மாறி வந்து சேரோணும். அதுவரைக்கும் என்னை எதுல வெச்சிருப்பாங்க? வாடகைப் பொட்டியில கூலிங் பத்தாது. எத்தனை எழவு பாத்திருக்கறேன். வெளிநாட்டுல இருந்து ஆளு வர்ற ஊட்டுல, மூஞ்சி கறுத்துப் போயிருது. நீ வந்து பாக்கறப்ப நான் நல்லா இருக்கோணும்ல."

வெளியே அண்ணன் காரை ஸ்டார்ட் பண்ணி ஹார்ன் அடித்தான்.

"நீதானே செலக்ட் பண்ணே? நல்ல பொட்டிதான். பாடி லெங்த் அளந்தியா?"

"இல்லீங்ப்பா."

"டேப் இருக்குதுல்ல?"

கைப்பையில்தான் இருந்தது. அப்பா தலையணையைத் தள்ளிவிட்டு, கட்டிலில் நேராகப் படுத்து, காலை நீட்டிக்கொண்டார்.

"அளந்துட்டுப் போ, அம்மிணி."